கொதிநீரில் கோணிய பல் செட்

எங்கள் குடும்பத்தில் எல்லோரும் மரவேலை செய்தார்கள். நான் மட்டும் பல் வேலைக்குப் போனேன். மதுரையில் தொழில் பழகி, எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் பல் செட் செய்யும் மெக்கானிக்காக உட்கார்ந்தேன். எனக்குத் தலைக்கனம் உண்டு. நான் செய்த செட் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று கேட்பவர், கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் கண்டனூர் ஆச்சி ஒருவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். மூன்று மாதத்துக்கு முன்புதான் அவருக்கும் அவர் கணவருக்கும் ஆளுக்கொரு செட் செய்து கொடுத்திருந்தேன். கைக்குட்டையைப் பிரித்தார். அவருடைய மேல் செட் வெயிலில் கிடந்த அப்பளம்போல் முறுக்கிக்கொண்டிருந்தது.

“துக்க வீட்டுக்குப் போயிட்டு வந்தோம் தம்பி. தீட்டுன்னு பாத்திரம் பண்டமெல்லாம் கொதிக்கிற அண்டாவுல போட்டேன். இதுவும் வாயில இருந்ததுதானேன்னு...”

“பல் செட்டை வேக வைப்பாகளா ஆச்சி? இது என்ன கிழங்கா?” என்று எரிந்து விழுந்தேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மகன் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டைத் திறந்து வெள்ளையடித்து, வெளியூர்ச் சொந்தமெல்லாம் வந்து இறங்கியாயிற்று. மாப்பிள்ளையின் தாய் வாயைப் பொத்திக்கொண்டா எல்லோரையும் ‘வாங்க’ என்று கேட்பது?

“எப்படியாச்சும் செஞ்சு குடுங்க. எங்க வீட்டுக்காரக செட்டையும் சேத்துத்தான் போட்டேன். அதுக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் நேரம் சரியில்ல.”

அவர் போன பிறகு அந்தக் கடைசிப் பேச்சு என்னை வேலை செய்ய விடவில்லை. செட் செய்த அதே பொடி, அதோடு பிசைந்த அதே திரவம், கொதித்த அதே அண்டா. ஒன்று மட்டும் ஏன் கோணியது?

கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்த நண்பன் ஒருவன் இருந்தான். சாயங்காலம் அவனிடம் போனேன். அவன் சொன்னதை என் புத்திக்கு எட்டிய வரை எழுதுகிறேன். பல் செட்டின் அக்ரிலிக், நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆனது. ஒரு குறிப்பிட்ட சூட்டுக்குக் கீழே சங்கிலிகள் நகர முடியாமல் கண்ணாடிபோல் விறைத்து நிற்கும். அதைத் தாண்டினால் உருகாது, ஆனால் ரப்பர்போல் இளகும். அந்தச் சூடு எது என்பதைச் சங்கிலியின் அமைப்புத்தான் முடிவுசெய்கிறது. பக்கவாட்டில் குட்டையான கிளைகள் இருந்தால் சங்கிலிகள் நெருங்கிப் பிடித்துக்கொள்ளும், கொதிநீரும் லேசில் அசைக்காது. அதே வகை அக்ரிலிக்கில் கிளை நீண்டு வளைந்துகொடுப்பதாக இருந்தால் சங்கிலிகள் விலகி நிற்கும், வாயின் சூட்டுக்கே மெத்தென்று ஆகிவிடும்.

“ரெண்டும் ஒரே சரக்குத்தானப்பா” என்றேன்.

“அப்ப திரவம் முழுசும் சங்கிலியா மாறியிருக்காது. மிச்சம் நின்ன சின்ன மூலக்கூறு நடுவுல புகுந்துக்கிடும். இடியாப்ப மாவுல எண்ணெய் விட்டா இழை ஒட்டாம வழுக்குதுல்ல, அது மாதிரி. குறைஞ்ச சூட்டுக்கே இளகிப்போகும். நீ கடைசிவரைக்கும் கொதிக்க வச்சியா?”

வைக்கவில்லை. பொடியும் திரவமும் பிசைந்த மாவை அச்சில் அடைத்துக் கொதிநீரில் வேகவிட்டால்தான் அது செட்டாக இறுகும். ஆச்சியின் செட்டை அச்சுக்குள் வைத்து வேகவிட்ட அன்று மண்ணெண்ணெய் தீர்ந்து ஸ்டவ் அணைந்துவிட்டது. ரேஷன் கடை வரிசையில் போய் நிற்கச் சோம்பல்பட்டு, போதும் என்று எடுத்துவிட்டேன். என் பிழைக்கு அந்த அம்மாளை வைதிருக்கிறேன்.

புதிய செட்டை நேரம் பார்த்து, முழுக்கக் கொதிக்க வைத்து முடித்தேன். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது நானே கண்டனூருக்குக் கொண்டுபோனேன். ஆச்சி வீட்டின் உள்பக்கம், இரண்டாம் கட்டு முற்றத்தில் உட்கார்ந்து மாட்டிப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. பையைத் திறந்து பணம் எடுக்கப் போனவரைத் தடுத்து, நடந்ததைச் சொன்னேன்.

ஆச்சி பையை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் பல்ல வேக வச்ச கதைய எங்க வீட்டுக்காரக வந்தவுக போனவுக அத்தனை பேருகிட்டயும் சொல்லிச் சிரிச்சாக. என் புத்திதானேன்னு நானும் கூடச் சேந்து சிரிச்சேன் தம்பி.”

“மன்னிச்சிடுங்க ஆச்சி.”

“எங்கிட்டச் சொல்லி என்ன? முகப்புல எல்லாரும் இருக்காக. அங்குட்டுப் போய்ச் சொல்லுங்க.”

வாசலை ஒட்டிய முகப்பில் அவர் கணவரும் சம்பந்தி வீட்டாருமாகப் பதினைந்து பேர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். போய் நின்று, ஸ்டவ் அணைந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.