நெவேனா நீட்டிய சாக்லேட் பெட்டி

நெவேனா தபக்கோவா எலும்பு அறுவைத் துறையில் சேர்ந்த அன்றே, "இடுப்பு ஆபரேஷன்ல நோயாளி காலைத் தூக்கிப் பிடிக்கணும், உன்னால முடியுமாம்மா?" என்று கேட்டார் பேராசிரியர் போஜினோவ். முடிந்தது. பத்து வருடமாகப் பிடித்தாள். ப்ளோவ்திவ் நகர ஆஸ்பத்திரியில் அவள் பிடித்ததெல்லாம் நோயாளிகளின் கால்கள்தான். மேலிடத்துக் கால் ஒன்றுகூட இல்லை. கூடச் சேர்ந்த ஆண்கள் துணைப் பேராசிரியர்களாகிவிட, இவள் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

கட்டுரைகளிலும் அதே கதைதான். எக்ஸ்ரேக்களை அளந்து, மாய்ந்து மாய்ந்து எழுதுவது இவள்; முதல் பெயர் யாராவது ஓர் ஆணுக்கு. வயதானவர்களின் இடுப்பு முறிவைப் பற்றி இவள் எழுதியதை வெளிநாட்டு இதழ் ஒன்று ஏற்றது. முதல் பெயராக வந்தால்தான் துணைப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்க முடியும். போஜினோவோ கடைசி நேரத்தில், துறையின் இளைய டாக்டர் கலோயானின் பெயரை முன்னால் தள்ளிவிட்டார்.

"அவன் புள்ளகுட்டிக்காரன், மேல வரணும். உனக்கு அடுத்த தடவ பாத்துக்கலாம்."

பெயர்களை இடம் மாற்ற எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்றது இதழ். நெவேனாவின் பதில் மட்டும் பாக்கி.

அந்த ஊரில் யாருக்கு நல்லது நடந்ததோ அவர்தான் இனிப்பு நீட்ட வேண்டும். எடுப்பவர் வாழ்த்தாமல் வாயில் போட முடியாது. கலோயான் ஒரு வாரமாக நீட்டவில்லை. "சாக்லேட் எங்கப்பா, கஞ்சப் பிசினாறி?" என்று நர்ஸ் ஸ்தான்கா சீண்டும்போதெல்லாம் காது சிவக்க நழுவினான். மனசாட்சி கொஞ்சம் மிச்சமிருந்தது போலும்.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்துக்கு நெவேனாவே பெரிய பெட்டியோடு வந்தாள்.

"என்ன டாக்டரம்மா, பொறந்தநாளா?" என்றாள் ஸ்தான்கா.

"இல்லக்கா. என் கட்டுரைக்கு."

"அப்படிப் போடுங்க! நல்லா இருங்க!" என்று ஸ்தான்கா இரண்டாக அள்ளினாள். பிறகு ஒவ்வொருவராக எடுத்தார்கள். கலோயானும் தலையைக் குனிந்தபடி எடுத்து, "வாழ்த்துக்கள்க்கா" என்றான்.

பெட்டி போஜினோவின் முன்னால் வந்தது. அவர் கை நீட்டவில்லை.

"அது கலோயான் பேர்ல வருது."

"வராது சார். பேர மாத்த எனக்குச் சம்மதமில்லன்னு காலையில எழுதிப் போட்டுட்டேன்."

"இந்தத் துறையில நீ இருக்கணுமா, வேணாமா?"

வேலை போய்விடுமோ என்ற பயம் நெவேனாவுக்கு இருந்தது. ஆனால் பத்து வருடக் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"இருக்கணும் சார். என் பேரோட இருக்கணும்."

சொல்லிவிட்டுப் பெட்டியை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.