நான் வாசித்துச் சொன்ன ஸ்கேன் ரிப்போர்ட்

மலேசியாவில், காஹாங் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் அப்பாவுக்கு இடுப்பு வலி. ஸ்கேன் ரிப்போர்ட் வந்தபோது, டாக்டரைப் பார்க்க இன்னும் ஆறு வாரம் இருந்தது. வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னிடம் நீட்டினார். ஆங்கிலத்தில் இருந்ததை வரி வரியாகச் சொன்னேன்.

"ஜவ்வு தேஞ்சு பிதுங்கியிருக்குப்பா. இனிமே குனியாதீங்க."

அன்று படுத்தவர் எழவே பயந்தார். ஆறு வாரத்தில் தொடைகள் மெலிந்துவிட்டன.

"இந்த வயசுல நிறைய பேருக்கு இப்படித்தான் இருக்கும். நடமாடியிருந்தா வலி குறைஞ்சிருக்கும் தம்பி" என்றார் டாக்டர்.

அப்பா நம்பவில்லை. "அவரு சும்மா ஆறுதலுக்குச் சொல்றாரு லா. நீ படிச்சவன், பொய் சொல்ல மாட்ட."

இப்போது யார் ரிப்போர்ட்டை நீட்டினாலும், நான் வாசிப்பதில்லை. டாக்டரிடம் கேட்கக் கூடவே போகிறேன். நான் தவறாகப் பயமுறுத்திவிட்டேன் என்று நானே சொன்னாலும், அப்பா மட்டும் நம்ப மறுக்கிறார்.