நால்வர் இசை கற்க மகளோடு புதுச்சேரி: நான் வெளியே இருந்த இரண்டு நாட்கள்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். மே மாதம் புதுச்சேரியிலிருந்து திரும்பியதிலிருந்து பார்க்கிறேன், இணையக் குழுக்களில் பெற்றோர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: அந்த இசை முகாமுக்குப் பிள்ளையை அனுப்பலாமா, ஒரு வாரத்தில் என்ன பெரிதாகக் கற்றுத்தரப் போகிறார்கள்? போகாதவர்கள்தான் நீளமாகப் பதில் எழுதுகிறார்கள். போய் வந்த நான் எழுதவில்லை. எழுதினால் ஒரு மனிதரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும். இருபத்திரண்டு வருடமாக அவரைப் பற்றி நான் நல்லதாக ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.

அவரை ஜெரார் என்று வைத்துக்கொள்வோம், அசல் பெயர் அல்ல. புதுச்சேரிக்காரர், செல்லோ வாசிப்பவர்; தரையில் ஊன்றி வாசிக்கும் பெரிய வயலின் அது. இளவயதில் சென்னையில் நாங்கள் நான்கு பேர் ஒன்றாக வாசித்தோம். நான் இரண்டாவது வயலின். ஒரு கச்சேரிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, "நீ எங்களோட வாசிக்கல, எங்கள மேய்க்கிற" என்று மற்ற இருவர் முன்னிலையில் சொல்லி என்னை நீக்கிவிட்டார். அதன் பிறகு நான் மேடை ஏறவில்லை.

என் மகளுக்குப் பதினைந்து வயது. வியோலா வாசிக்கிறாள். வயலினைவிடச் சற்றுப் பெரியது, குரல் சற்றுத் தாழ்ந்தது. முகாமைக் கண்டுபிடித்ததும் விண்ணப்பித்ததும் அவளேதான். நடத்துபவர் யார் என்று எனக்குத் தெரிந்தபோது அவளுக்கு இடம் கிடைத்துவிட்டிருந்தது. திங்கள் முதல் ஞாயிறு வரை முகாம். ஞாயிறு மாலை பள்ளி அரங்கில் கச்சேரி. அதில் வாசிக்க வேண்டும் என்று நான்கு மாதம் உழைத்தாள்.

முகாமுக்கு முந்தின ஞாயிறு அதிகாலை 5.10-க்குத் திருச்சியில் பேருந்து ஏறினோம். விழுப்புரத்தில் 8.45-க்கு இறங்கி, இட்லி சாப்பிட்டு, அடுத்த வண்டியில் 10.20-க்குப் புதுச்சேரி. ஏறக்குறைய 205 கிலோமீட்டர், இருவருக்கும் சேர்த்து 430 ரூபாய். நகரத்துக்குள் மே மாத வாடகை கட்டுப்படியாகாது என்பதால் உழவர்கரையில் அறை எடுத்திருந்தேன். நாளுக்கு 1,100 ரூபாய், சுத்தமான இடம். பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோ 180.

ஆட்டோக்காரர் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். "இன்னா சார் அது, பிடிலா? பெருசா கீதே?"

"பிடிலோட அக்கா," என்றாள் மகள்.

"கல்யாணத்துக்கு வாசிப்பீங்களாம்மா?"

"கூப்பிட்டா வர்றோம். நாலு பேரா வருவோம், சாப்பாடு போடணும்."

"நாலு பேருக்கா? அப்ப நான் ரிஜிஸ்டர் ஆபீஸ்லயே முடிச்சிக்கிறன்."

முகாமில் கற்றுத்தரும் சேம்பர் மியூசிக் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக: ஆளுக்கு ஒரு பகுதி என்று மூன்று, நான்கு பேர் சேர்ந்து வாசிப்பது. முன்னால் கோல் பிடித்து நடத்த ஆள் கிடையாது. தாளம் போடவும் ஆள் கிடையாது. தொடங்குவதற்கு முன் முதல் வயலின் ஒரு மூச்சு இழுக்கும்; மற்றவர்கள் அந்த மூச்சைக் கேட்டுத் தொடங்க வேண்டும். முதல் மூன்று நாள் ஜெரார் பிள்ளைகளை ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்காரவைத்து, இந்த மூச்சை மட்டுமே பழக்கினார் என்று மகள் சொன்னாள். இதற்கா ஏழாயிரம் ரூபாய் கட்டினோம் என்று கேட்டேன். அவள் சிரித்தாள். அந்த மூன்று நாளும் அவள் சிரித்துக்கொண்டேதான் அறைக்குத் திரும்பினாள்.

வியாழக்கிழமையிலிருந்து பெற்றோரும் உட்காரலாம் என்றார்கள். அன்றைக்கே நான் முன் வரிசை. பக்கத்தில் செல்வி என்ற பெண்மணி. வீராம்பட்டினத்துக்காரர், கணவர் கடலுக்குப் போகிறார், இவர் தவளக்குப்பம் சந்திப்பில் மீன் விற்கிறார். இவருடைய மகள்தான் எங்கள் பெண்ணின் குழுவில் செல்லோ.

அவர்கள் வாசித்த உருப்படியின் மூன்றாம் பகுதியில் ஓர் இடம். முதல் வயலின் தன் மெட்டை முடிக்கும்போது சற்றே தயங்கும். அந்தத் தயக்கத்துக்குப் பின் வியோலா தனியாக நுழைய வேண்டும். மகள் அரைத் தாளம் முந்திக்கொண்டு நுழைந்தாள். எல்லாம் சிதறியது. மறுபடியும் வாசித்தார்கள். மறுபடியும் அதே இடம், அதே முந்தல்.

செல்வி என் பக்கம் குனிந்தார். "சார், கால்ல இன்னா தையல் மெசினா ஓட்டறீங்க? உங்க பொண்ணு அதையேதான் பாத்துக்கினு இருக்குது."

கீழே பார்த்தேன். என் வலது கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஏழு வருடமாக வீட்டில் அவள் வாசிக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து போட்ட கால். எங்கும் தயங்காத கால்.

வகுப்பு முடிந்ததும் ஜெரார் மகளிடம், "சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம். சரியாகலேன்னா கச்சேரியில உனக்குப் பதிலா இன்னொரு குழுவோட வியோலா வாசிக்கட்டும்" என்றார். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

என் பழைய கோபம் முழுவதும் தலைக்கேறியது. எனக்குச் செய்ததை என் மகளுக்கும் செய்கிறான் என்றே நினைத்தேன். "பெட்டியை எடு, ராத்திரி பஸ்ஸுக்கே கிளம்பறோம்" என்றேன்.

"நான் வரலை," என்றாள்.

"அவன் யாருன்னு உனக்குத் தெரியாது."

"தெரியும்ப்பா. நீங்கதான் மாசத்துக்கு ரெண்டு தடவை சொல்றீங்களே." பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு நாள் வகுப்புக்கு வராம இருங்க. அது போதும்."

வெள்ளி காலை அவளை வாசலில் விட்டுவிட்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்றேன். கடலூர் சாலைப் பேருந்து ஒன்று வந்தது, ஏறினேன். தவளக்குப்பத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. செல்வி என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினார்.

"வெளிய தொரத்திட்டாங்களா?"

"நானேதான் வந்தேன்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்றது. போன வருசம் நான் உள்ள குந்திக்கினு 'நல்லா இழு, நல்லா இழு'ன்னு கத்திட்டேன் சார், வலை இழுக்கிற மாதிரி. எம் பொண்ணு மூணு நாளு பேசல." சிரித்தபடியே ஒரு வஞ்சிர மீனைத் துண்டு போட்டார். "இப்ப நான் போறன், சும்மா கேக்கறன், வரேன். நல்லாத்தான் இருக்குது."

சமைக்க அடுப்பில்லாமல் மீன் வாங்க முடியவில்லை என்பது மட்டுமே அந்த நாளின் குறை. மதியம் நகரத்துக்குத் திரும்பி, ஒரு ரொட்டிக் கடையில் சூடான ரொட்டி தின்றேன். மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தியதும் நீள நெடுக இரண்டு தடவை நடந்தேன். சனிக்கிழமையும் அதேதான். யாருக்கும் எதையும் சரிபார்க்க வேண்டியிராத இரண்டு நாட்கள். என் வயதில் அப்படி நடந்து எத்தனை வருடமாயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்க்க விருப்பமில்லை.

சனி மாலை மகள் வாசலுக்கு ஓடி வந்தாள். வாயைத் திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

"நாளைக்கு வரலாமா?" என்று கேட்டேன்.

"வாங்க. கடைசி வரிசை."

கடைசி வரிசையில் செல்வி எனக்காக இடம் போட்டு வைத்திருந்தார். தன் மகளுடைய காலிச் செல்லோ பெட்டியைத் தூக்கி என் இரண்டு பாதங்கள் மேலேயும் கிடத்தினார். "இருக்கட்டும் சார். எதுக்கும் ஒரு பத்திரத்துக்கு."

மூன்றாம் பகுதியில் அந்த இடம் வந்தது. முதல் வயலின் தயங்கியது, வியாழக்கிழமை எவ்வளவு தயங்கியதோ அதைவிட நிச்சயம் அதிகமாக. வேண்டுமென்றே வம்பு செய்கிறாள் அந்தப் பெண். என் மகள் வில்லைத் தந்திமேல் வைத்தபடி, அவளைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே காத்திருந்தாள். பிறகு நுழைந்தாள். கீழே செல்லோ வந்து அவளைத் தாங்கியது, இரண்டாவது வயலின் ஓடிவந்து சேர்ந்துகொண்டது. ஏழு வருடமாக வியோலாவின் பகுதியை மட்டும் கேட்டவன் அன்றைக்குத்தான் நான்கு பேரையும் கேட்டேன். செல்வி என் கையைத் தட்டி, "அழுவாதீங்க சார், பொட்டி நனைஞ்சுடும்" என்றார்.

வெளியே ஜெரார் நின்றிருந்தார். "இன்னும் கோவமாத்தான் இருக்கியா?"

"இருக்கேன்."

"போன்," என்றார், பிரெஞ்சில் 'நல்லது'. "அடுத்த வருசமும் கூட்டிட்டு வா."

அன்று சென்னையில் அவர் சொன்னது சரி என்று நான் எழுதப் போவதில்லை. இருவர் முன்னிலையில் சொன்ன விதம் தவறு. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவர் நன்றாகக் கற்றுத்தருகிறார். அனுப்பலாமா என்று கேட்டவர்களுக்கு: அனுப்புங்கள். மாற்றுத் தந்தி இரண்டு செட் கொடுத்துவிடுங்கள். கடல் காற்றில் சுருதி நிற்காது. வாத்தியத்தை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விடாதீர்கள். உழவர்கரையில் தங்கினால் காலை எட்டுக்கு முன் கிளம்புங்கள். பெற்றோரும் உட்காரலாம் என்று சொல்லும் நாளில் கடற்கரைக்குப் போய்விடுங்கள்.

இதை எழுதி முடித்ததும் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். "நல்லாருக்குப்பா. ஆனா உங்க பேர் போட்டா, எல்லாரும் கீழ வந்து உங்க சண்டையைப் பத்திதான் கேப்பாங்க. நாங்க நாலு பேர் வாசிச்சதை யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள். இத்தனை வருடமாக எழுதிய புகார்கள் எல்லாவற்றுக்கும் கீழே முழுப் பெயரும் ஊரும் போட்டவன் நான். இதைப் பெயர் போடாமல் பதிவிடுகிறேன்.