மிளகு மூட்டைக்குப் பின்னால்

பூஞ்சை படிந்த சுவரை பெயின்டர் ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரால் தேய்த்துக் கழுவுகிறார். காய்ந்த பிறகுதான் பெயின்ட். அந்த நெடியில் மலைமேல் வளப்பூர் நாட்டில் இருந்த எங்கள் பழைய வீட்டின் ஈர வாடை நினைவுக்கு வந்தது.

ஓர் ஐப்பசி அடைமழையில் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். சுண்ணாம்பு அடித்தும் சுவரில் பூஞ்சை கருப்பாக எழுந்துவிட்டது. இந்தச் சம்பந்தமும் தட்டிப்போகுமோ என்று பயந்த அப்பா, மிளகு மூட்டைகளை அடுக்கி அதை மறைத்தார்.

மாப்பிள்ளையின் தகப்பனார் நுழைந்ததும் பதறினார். "ஏனுங்க, ஈரச் செவுத்துல மிளகச் சாச்சு வெப்பாங்களா? பூத்துப்போயிருமுங்க!" மூட்டையை அவரே இழுத்தார். சுவர் அம்பலமானது. அப்பா தலைகுனிந்தார்.

காபி கொண்டுவந்த அக்கா, தட்டைக் கீழே வைத்துவிட்டு மூட்டையின் மறுமுனையைப் பிடித்தாள்.

"செவுரு கெடக்குது விடுங்க," என்று சிரித்தார் அவர். "பொண்ணப் பாத்தாச்சுங்க."