மாடிக்கு வந்த இரண்டு விருந்தாளிகள்

துறைமுகச் சாலையில் உள்ள ஓர் எடைமேடையில் கிருபை பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். லாரி மேடையில் ஏறி நின்றதும் எடையைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். நிலக்கரி, உப்பு, மரத்தடி எல்லாம் அவள் சன்னலைத் தாண்டித்தான் போகும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி மஸ்கட்டில், தங்கை கோயம்புத்தூரில். தங்கப்பாண்டி என்ற இரும்புக்கடை அண்ணாச்சியின் வீட்டில் கீழ்ப்பகுதி அவளுக்கு வாடகை. மாடியில் அவரும் மனைவி சண்முகவடிவும் இருந்தார்கள். வாடகை கொடுக்கிற அன்றைக்கு நாலு வார்த்தை, மற்ற நாளில் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான் பழக்கம்.

அந்த வருடம் ஆடியில் அவளுக்கு மூச்சிரைப்பு கூடிப்போனது. தூசியும் ஆகாது, பூனை முடியும் ஆகாது என்றார் டாக்டர். வேலையை விட முடியாது. ஆறு வருடம் வளர்த்த பூனையைப் புன்னைக்காயலில் இருக்கும் சிநேகிதி வீட்டில் கொண்டுபோய் விட்டாள். அதன் பிறகு வீட்டுக்குள் நுழைந்ததும் டிவியைப் போட்டுவிடுவாள். பார்ப்பதற்கு அல்ல, ஏதாவது ஒரு சத்தம் வேண்டும் என்பதற்கு.

பெனிஸ்டன் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் இருந்தவன். தினமும் எடைச்சீட்டு வாங்க வருவான். அக்டோபரில் கொச்சிக்கு மாற்றல் வந்தபோது சன்னலில் சாய்ந்துகொண்டு கேட்டான்.

"யக்கா, முடியே இல்லாத பிராணின்னா வளப்பியளா?"

"மீனா?"

"பல்லி. ரெண்டு. லெப்பர்ட் கெக்கோன்னு பேரு. நான் போற வீட்டு ஓனர் வச்சிக்கிட விடமாட்டேங்கான்."

"எங்க வீட்டுச் சுவத்துல ஏற்கெனவே நாலு கெடக்கு. எனக்கு எதுக்குல இன்னும் ரெண்டு?"

"இது சுவத்துல ஏறாதுக்கா. தரையிலதான் நடக்கும். இமை உண்டு, கண்ணை மூடித் தூங்கும். வந்து ஒரு தரம் பாருங்க."

பார்க்கப் போனவள் திரும்பி வரும்போது ஆட்டோவில் மடியில் ஒரு பெட்டி, பக்கத்தில் ஒரு பெட்டி. வனத்துறைப் பதிவுக் காகிதங்களை அவள் பெயருக்கு மாற்றுவதற்கும் பெனிஸ்டன் எழுதிக் கொடுத்திருந்தான்.

இரண்டும் பெண். ஒன்று உடம்பெங்கும் கறுப்புப் புள்ளி போட்டது, அதற்கு மிளகு என்று பெயர் வைத்தாள். மற்றது வெளிறிய மஞ்சள், அது கற்கண்டு. ஒரே பெட்டியில் விட்டால் ஒன்றையொன்று கடித்து விரட்டும் என்பதால் இரண்டுக்கும் தனித்தனி வீடு. ஒவ்வொரு பெட்டியின் ஒரு பாதிக்கு அடியில் மட்டும் மின்சாரத்தில் சூடாகும் ஒரு விரிப்பு. சூடு வேண்டும்போது இந்தப் பக்கம், போதும் என்றால் அந்தப் பக்கம். பதுங்கிக்கொள்ள வாசல் வெட்டிய தேங்காய்ச் சிரட்டைகள். தோல் உரியும் காலத்துக்கு ஈரத்தாள் போட்ட டப்பா ஒன்று. மணல் போடக் கூடாது, இரையோடு சேர்த்து விழுங்கிவிடும். டிஷ்யூ பேப்பர் விரித்தால் போதும் என்று பெனிஸ்டன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

முதல் வாரம் தொடவே கூடாது என்பதுதான் அவளுக்குப் பெரிய பாடாக இருந்தது. மிளகு சிரட்டையை விட்டு வெளியே வரவில்லை. நாலு நாள் போட்ட புழு அப்படியே கிடந்தது. வேலை முடிந்து வந்ததும் பெட்டிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்து, அன்றைக்கு வந்த லாரிக்காரர்களின் கதையை மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருப்பாள். ஐந்தாம் நாள் சிரட்டை வாசலில் ஒரு தலை தெரிந்தது. கால்சியம் பொடியில் புரட்டிய புழுவை இடுக்கியில் பிடித்து நீட்டினாள். மிளகு வாலை ஆட்டி ஆட்டிப் பார்த்து, ஒரே கவ்வாகக் கவ்வி விழுங்கிவிட்டு, நாக்கால் வாயை நக்கிக்கொண்டது. அன்றைக்கு டிவி போட மறந்துவிட்டோம் என்பது மறுநாள்தான் அவள் நினைவுக்கு வந்தது. ஒரு மாதத்தில் இரண்டும் அவள் உள்ளங்கையில் ஏறி, சூட்டுக்கு வயிற்றைப் பரத்திக்கொண்டு கிடக்கப் பழகின.

டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், அந்த மழை வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டுக்கும் வயிறு நிறையப் புழு கொடுத்துவிட்டுத்தான் ஆராதனைக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். அன்று முழுக்க மழை விடவில்லை. சாயங்காலமே கரண்ட் போனது. திங்கள் விடியும்போது கட்டிலுக்குக் கீழே தண்ணீர். முழங்காலுக்கு ஏற எவ்வளவு நேரம் ஆனது என்றே தெரியவில்லை. கிருபை முதலில் எடுத்தது இரண்டு பெட்டிகளை. அடுத்து மூச்சிரைப்புக்கு இழுக்கிற மருந்தை. எல்லாவற்றையும் மாடிப்படியில் வைத்துவிட்டு மறுபடி இறங்கிப் போனபோது பிரிட்ஜ் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தது. புழு டப்பா எங்கே போனதோ.

மாடிப்படியில் சண்முகவடிவு வழி மறித்து நின்றாள்.

"ஏளா, நீ வா. அது ரெண்டும் உள்ள வரக்கூடாது. பல்லின்னா எனக்குக் கொல நடுங்கும்."

"சரிக்கா. நான் இங்கன படியிலயே இருந்துக்கிடுதேன்."

சாரல் படி வரைக்கும் அடித்தது. கிருபை தன் சேலைத் தலைப்பைப் பெட்டிகளின் மேல் போட்டு மூடிக்கொண்டாள். அரைமணி நேரம் கழித்துத் தங்கப்பாண்டி அண்ணாச்சி வந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கிருபை மற்றதைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள்.

பகல் ஆவதற்குள் எதிர்வீட்டு ஆட்களும் வந்து சேர, அந்த மாடியில் பதினோரு பேர். போன் வேலை செய்யவில்லை. காற்று சில்லிட்டிருந்தது. மிளகு தின்றது செரிக்காமல் கல் மாதிரிக் கிடந்தது. சூடு இல்லையென்றால் தின்றது வயிற்றிலேயே கெட்டுப்போகும் என்று பெனிஸ்டன் சொல்லியிருந்ததை நினைக்க நினைக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் ஒரே ஒரு சிலிண்டரை வைத்துப் பதினோரு பேருக்குக் கஞ்சி காய்ச்சுகிற வீட்டில், பல்லிக்கு வெந்நீர் கேட்க எந்த வாயால் கேட்பது?

சண்முகவடிவு எட்ட நின்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னளா, அது சீக்குல கெடக்கா?"

கிருபை விஷயத்தைச் சொன்னாள். கேட்டுவிட்டுச் சண்முகவடிவு அடுப்படிக்குப் போனாள். குடிக்கிற தண்ணீரை எல்லோருக்குமாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கொதிநீரை இரண்டு எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றி, துணியைச் சுற்றிக் கொண்டுவந்து, முகத்தைத் திருப்பியபடியே நீட்டினாள்.

"எப்படியும் ஆறத்தான போகுது. அடுப்படில ஆறுறது இங்கன ஆறட்டும். பொட்டிக்கு வெளியிலயே வச்சிக்கோ."

கிருபை பாட்டிலை வாங்கிப் பெட்டியின் பக்கத்தில் அணைத்து வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக் குடிநீர் எல்லாம் பல்லிப் பெட்டிகளின் ஓரத்தில்தான் ஆறியது. எதிர்வீட்டுக்காரர் ஒருவர் மட்டும், "நமக்கு அடுப்படில ஆறுன தண்ணி தாங்கம்மா" என்று கேட்டு வாங்கிக் குடித்தார். மற்றவர்கள் முறை போட்டுக்கொண்டு பாட்டில் மாற்றினார்கள். செய்வதற்கு வேறு வேலையும் இல்லை. செவ்வாய்க்கிழமை திரேஸ்புரத்துப் படகு ஒன்று தெருவுக்குள் வந்தது. பெவின் என்ற மீனவர் பால் பாக்கெட்டும் ரொட்டியும் ஏற்றிக் கொடுத்துவிட்டு, நிவாரண முகாம் போட்ட மண்டபத்துக்கு வருகிறவர்கள் வரலாம் என்றார். எதிர்வீட்டார் போனார்கள். கிருபையும் எழுந்தாள்.

"நீ எங்க போற?" என்றாள் சண்முகவடிவு. "அங்கன கூட்டத்துல இதுகள வச்சிக்கிட்டு என்ன செய்வ? இரி."

புதன்கிழமை காலை மிளகின் பெட்டி மூலையில் எச்சம் கிடந்தது. கிருபை அதைத் தாளோடு எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "போயிட்டுக்கா" என்றாள். அண்ணாச்சி பேப்பர் இல்லாத காலைப்பொழுதில் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, தானும் ஒருதரம் பார்த்துவிட்டுப் போனார்.

தண்ணீர் வடிய இன்னும் நாலு நாள் ஆனது. கீழ்வீட்டில் சகதியைத் தவிர மிச்சம் இல்லை. பிரிட்ஜ், மெத்தை, அம்மாவின் பழைய பைபிள், தையல் மிஷின் எல்லாம் போயிற்று. புழு விற்ற வளர்ப்பு மீன் கடையும் முழுகியிருந்தது. வாலில் சேர்த்துவைத்த கொழுப்பை வைத்தே இரண்டும் காலம் தள்ளின. வால்கள் கண்ணுக்குத் தெரிய மெலிந்தன. போன் வந்ததும் கொச்சிக்குச் சொன்னாள். மூன்றாம் நாள் பஸ்ஸில் பெனிஸ்டன் ஒரு டப்பா புழு அனுப்பியிருந்தான். மேலே, அவசரம், உயிருள்ளது என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது.

புதுவருட ஆராதனையில் ஸ்தோத்திரம் சொல்லப் போதகர் ஐயர் நேரம் விட்டபோது, கிருபை எழுந்து நின்றாள். போனவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணாச்சி, சண்முகவடிவு, பெவின், பெனிஸ்டன் என்று நாலு பெயரைச் சொல்லி ஆண்டவருக்கு நன்றி என்றாள். உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெயர்களில் மூன்று, அந்தக் கோயில் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அறியாதவர்களுடையவை.

கீழ்வீட்டுச் சுவர் காய்ந்து வெள்ளையடிக்கப் பொங்கல் ஆகிவிட்டது. அதற்குள் கற்கண்டின் பெட்டி மாடி வீட்டு அலமாரிப் பக்கத்தில் நிலைத்துவிட்டது. எடுத்துப் போகிறேன் என்று கிருபை சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள், உப்பு லாரி மேடையில் ஏறிக்கொண்டிருக்கும்போது சண்முகவடிவு போன் செய்தாள்.

"ஏளா கிருபை, இவ வெள்ளை வெள்ளையாத் தோலை உரிக்கா. உரிச்சதையே திங்குதாளே. விடவா, பிடுங்கவா?"

"விடுங்கக்கா, அப்படித்தான் திங்கும். கால்விரல்ல மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கான்னு பாருங்க."

"பாக்கணும்னா கையில எடுக்கணுமே."

"ஆமா."

கீழே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். கிருபை கையைக் காட்டி அவரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

"எடுத்துட்டேன்" என்றது அந்தப் பக்கம். "சில்லுன்னு இருக்காளே. விரல் எல்லாம் சுத்தமா இருக்கு."