பூதத்தின் பல்

நான் மண்ணில் செய்த சாமிகள் ஆற்றங்கரை ஊர்களில் எத்தனையோ நிற்கின்றன. அவற்றில் ஒன்றைத் தேடிக்கூட யாரும் வந்ததில்லை. ஒரு பூதத்தைப் பார்க்கத்தான் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அதன் முகம் என் மச்சானுடைய முகம்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். மேல்வரிசைப் பல் நான்கும் உதட்டுக்கு வெளியே நிற்கும். அதற்காக அவர் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. வாய்விட்டுச் சிரிப்பார், எதிரில் இருப்பவனும் சிரித்துவிடுவான். கல்லிடைக்குறிச்சிக்கு ரயில் வந்த புதிதில், எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வாசல் காவலாக ஒரு பூதம் செய்யச் சொன்னார்கள். மச்சானைக் கிண்டல் செய்யாமல் இருக்க முடியுமா? ஈர மண்ணில் கை தானாக அந்தப் பல்லைப் பிடித்துவிட்டது என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். வேண்டுமென்றே செய்தேன், அதுவும் ஒன்றுக்கு இரண்டாகப் பெரிதாக்கிச் செய்தேன்.

வர்ணம் காயும் முன்பே கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆழ்வார்குறிச்சியிலிருந்து வண்டிகள் வந்தன. ரயிலில் வந்து இறங்கியவர்கள் வழி கேட்டு வந்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்து வந்த மிஷன் பள்ளிக்கூடத்து வேதக்கார வாத்தியார் ஒருவர், "கும்பிட வரல அண்ணாச்சி, பல்லப் பாக்க வந்தேன்" என்றார். பூதத்தைப் பார்த்த கையோடு மச்சான் வீட்டு வாசலிலும் போய் எட்டிப் பார்த்தார்கள். எனக்கோ தலைகால் புரியவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கண் திறக்கும்வரைதான் அது மண். கண்ணில் கட்டிய துணியை அவிழ்த்துக் கருவிழி எழுதிவிட்டால் அப்புறம் சாமி. செய்தவனே ஆனாலும் கத்தி வைக்கக் கூடாது.

கொடைக்கு முதல் நாள் மத்தியானம் மச்சான் வந்தார். துண்டால் வாயைப் பொத்தியிருந்தார்.

"மாப்ளே, அந்தப் பல்ல மட்டும் கொஞ்சம் சின்னதாக்கிரும்வே. தெருவுல நடக்க முடியல. எல்லாவனும் என் வாயத்தான் பாக்குதான்."

அரை நாழிகை வேலை. கண் திறப்பது மறுநாள்தான். ஆனால் பல் போனால் வண்டிகளும் நின்றுவிடுமே.

"காலையிலேயே கண் தெறந்தாச்சே மச்சான். தூசி விழும்னுதான் துணி கட்டியிருக்கேன். இனி நான் தொட முடியுமா?"

அவர் அந்தத் துணியைக் கிட்டப் போய்ப் பார்த்தார். "அப்பம் சரி" என்று போய்விட்டார். மறுநாள் விடியலில் நான் கண் திறந்தேன். கொடைக்கு அவர் வரவில்லை. அதன்பின் துண்டில்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. சோறு உண்ணக்கூடச் சுவரைப் பார்த்து உட்காருகிறார் என்று என் மனைவி சொல்லி அழுதாள். பாவி நான், அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

சில வருஷம் கழித்து வெள்ளத்தில் பூதம் இடிந்து விழுந்தது. மச்சானிடம் ஓடினேன்.

"புதுசா செய்யச் சொல்லுதாவ மச்சான். இந்தத் தடவ பல்லே வைக்க மாட்டேன்."

"உம்ம இஷ்டம்" என்றார். பிறகு, "அன்னைக்குத் துணி ஓரமாப் பாத்தேன் மாப்ளே. கண்ணு வெறும் மண்ணாத்தான் இருந்துது" என்றார்.

துண்டை வாயிலிருந்து எடுக்காமலேதான் சொன்னார்.