குட்டி வண்டியும் தொண்ணூத்தி ரெண்டு கிலோ லோடும்

மொத தபா அந்த வண்டில குந்துனப்போ என் முட்டி ரெண்டும் காதுகிட்ட வந்து நின்னுச்சி. தெருவுல இருந்தவங்க எல்லாம் வேலைய வுட்டுட்டு வந்து சிரிச்சாங்க. சர்க்கஸ் பார்த்து ரொம்ப நாளாச்சி போல, பாவம்.

அது பசங்க ஓட்டுற குட்டி மண்ணு பைக்கு. என் இடுப்பு ஒசரம் கூட கெடையாது. நானு தொண்ணூத்தி ரெண்டு கிலோ. வண்டி மேல நான் குந்தினா, நான் வண்டில கீறேனா, வண்டி எனக்குள்ள கீதான்னு கிட்ட வந்து பார்த்தாத்தான் தெரியும்.

எனக்கு இன்னாத்துக்கு அந்த வண்டின்னு கேப்பீங்க. நானு மயிலாப்பூர்ல டெம்போ ஓட்றேன். வாரம் ஃபுல்லா பீரோ, கட்டில், கல்யாணப் பாத்திரம்னு எது கெடைக்குதோ அத்த ஏத்துவேன். ஞாயித்துக்கெயமையானா நாலு சாருங்களோட பைக்க ஏத்துவேன். அடையார்ல ரெண்டு பேரு, மயிலாப்பூர்ல ஒருத்தரு, தி.நகர்ல துணிக்கடை வெச்சிருக்கிற ஒருத்தரு. அதெல்லாம் ரோட்ல ஓட்டக் கூடாத மண்ணு பைக்கு. அதனால டெம்போல ஏத்தி, கவுறு கட்டி, வண்டலூர் தாண்டி ஒரு காஞ்ச ஏரில எறக்கி வுடணும்.

ஏரிக்கு ஒசரமா ஒரு கரை. சாருங்க நாலு பேரும் சர்ருனு ஏறி அந்தாண்ட போய்டுவாங்க. அந்தாண்ட முள்ளுக்காட்டுக்குள்ள மண்ணுப் பாதை கீதாம். நான் டெம்போவுக்குக் காவலா பனைமரத்தடில போண்டா துன்னுக்கினு சத்தத்த மட்டும் கேட்டுக்கினு குந்தியிருப்பேன். ரெண்டு வருஷம் இப்டியே போச்சி. அவங்க மூஞ்சில மண்ணோட, வாயெல்லாம் பல்லா வருவாங்க. எனக்கு மூஞ்சில போண்டா எண்ணெ மட்டும்தான்.

ஒரு வாரம் துணிக்கடை சாரு அவரு வூட்டு கார் பார்க்கிங்ல கெடந்த இந்தக் குட்டி வண்டியக் காட்டினாரு. அவரு புள்ளைக்கு வாங்குனதாம். புள்ளை செல்போன வுட்டு எயுந்திருக்கல.

“அண்ணே, இத எடுத்துட்டுப் போய் இரும்புக் கடைல போட்டுருங்க”ன்னாரு.

நான் வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம். “சார், இத்த நானே ரெடி பண்ணி உங்க கூட ஓட்டிக்கினு வரட்டா?”ன்னுட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கெயமை இதான் பேச்சு. அடையார் சாரு ஒருத்தரு சிரிப்ப அடக்கிக்கினு, “அண்ணே, அந்தக் கரைய மட்டும் நீங்க ஏறிட்டீங்கன்னு வைங்க, அப்புறம் டெம்போவ நாங்க ஆளுக்கு ஒரு வாரம் பார்த்துக்கறோம். நீங்க எங்க கூட வாங்க. ஏறலைன்னா போண்டாதான்”ன்னாரு.

மத்த மூணு பேரும் சரின்னாங்க. எனக்கு அத்தோட தூக்கம் போச்சி.

ஆதம்பாக்கத்துல என் தோஸ்து ஒருத்தன் வெல்டிங் கடை வெச்சிருக்கான். வூட்டு கேட்டு, ஜன்னல் கிரில்லு, மாடிப்படி கைப்பிடி, இதான் அவன் தொயிலு. பைக்கு வேலை அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அதனால சண்டை வரல.

“மச்சி, முட்டி இடிக்குது.”

“முட்டிய வெட்டிடலாமா, ஹேண்டில ஒசத்தலாமா?”

கேட்டுக்கு வாங்குன பைப்புல ஒரு சாண் ஹேண்டில ஒசத்தினான். சீட்டுக்குப் பயைய சோபா பஞ்ச வெச்சி ஆறு வெரல் ஏத்துனோம். கால் வெக்கிற கம்பிய பின்னால தள்ளி, கீய எறக்கினோம். பின் ஷாக்க கயட்டிட்டு, ஆட்டோவுல இருந்து ஒண்ணு கொணாந்து மாட்டுனோம். மூணு ஆளத் தாங்குனது என்னையத் தாங்காதா? இவ்ளோவும் பண்ணிட்டு ஆக்சிலேட்டர திருகுனா, வண்டி முன் சக்கரத்தத் தூக்கிக்கினு என்னைய அவன் கேட்டு மேல சாத்திச்சி.

“கேட்டு ஸ்ட்ராங்கு மச்சி, பார்த்தியா?”ன்னான். என்னைய ஒரு வார்த்தை கேக்கல.

அப்பால வண்டி முன்னாடி தூக்காம இருக்க, பின் சக்கரத்தப் புடிக்கிற இரும்புக் கைய நாலு வெரல் நீட்டி, மூலைக்கு மூலை இரும்புத் தகடு வெச்சி பத்த வெச்சான். இஸ்துக்கினு ஏறணுமே, அதுக்காவ பின்னாடி பெரிய பல்சக்கரம் போட்டோம். பல்ல எண்ண சொல்ல நான் மூணு தபா எண்ணி மூணு கணக்கு சொன்னேன். அஞ்சாங்கிளாஸோட நின்னவன்கிட்ட இத்தயெல்லாம் கேக்கக் கூடாது. முண்டு முண்டா பட்டன் வெச்ச மண்ணு டயரும் மாட்டியாச்சி. கடைசில பார்த்தா வண்டி ஷோக்கா ஒரு சின்ன வூட்டு கேட்டு மாதிரியே இருந்துச்சி. தாப்பாதான் இல்ல.

மொத ஞாயித்துக்கெயமை பாதிக் கரை ஏறுனேன். பின் சக்கரம் சொய்ங்னு சும்மா சுத்துச்சி. வண்டி ஒரு பக்கம், நானு ஒரு பக்கம். சாருங்க ஓடியாந்து தூக்குனாங்க, ரெண்டு பேரு மொதல்ல செல்லுல வீடியோ எடுத்துட்டுத்தான் தூக்குனாங்க. போண்டா.

ரெண்டாவது வாரம் தூரத்துல இருந்து வேகமா வந்தேன். அதே எடம், அதே சொய்ங். முயங்கை தோலு கொஞ்சம் ஏரிக்கே போச்சி. திரும்பவும் போண்டா. இன்ஜினுதான் பத்தலன்னு நெனச்சிக்கினேன். ஆனா வுடக் கூடாது. பனைமரத்தடிக்கு நான் திரும்பப் போறதா இல்ல.

அந்த வாரம் பட்டினப்பாக்கத்துல வூட்டு வாசல்ல டயருக்குக் காத்து அடிச்சிக்கினு இருந்தேன். டெம்போக்காரன் பயக்கம். லோடு ஏத்துறதுக்கு முன்னாடி டயர கல்லு மாதிரி பண்ணிடுவோம். கையால தட்டுனா டங்குனு கேக்கணும். மீன் வித்துட்டு கூடையோட வந்த என் சம்சாரம் நின்னு பார்த்துச்சி.

“யோவ், இன்னாத்துக்குயா இவ்ளோ காத்து?”

“லோடு ஏறுதுல்ல?”

“இன்னா லோடு?”

“நான்தான்.”

“த்தோ, அதான் வயுக்குது. எங்கண்ணன் மூணு சக்கர மீன்பாடி வண்டிய மணல்ல எறக்கறப்போ பாதிக் காத்தப் புடுங்கி வுட்டுட்டுத்தான எறக்குது? டயரு சப்பையா இருந்தாத்தான் மண்ணப் புடிக்கும். எத்தினி வருஷமா பார்க்கிறே?”

“அது மீன்பாடி வண்டிடி. இது ரேஸு வண்டி.”

“ஆமா, ரேஸு வண்டி. முயங்கையப் பாரு.”

நான் இன்னும் பத்து தபா பம்ப அமுக்கினேன். இருவது வருஷமா டிரைவரு, மீன்காரம்மா சொல்லியா காத்து வெப்பான்?

மூணாவது ஞாயித்துக்கெயமை, “நீ வுயுறத நானும் பார்க்கணும்”னு சம்சாரமும் டெம்போல ஏறிக்கிச்சி. ஏரில வண்டிய எறக்கிட்டு நான் ஹெல்மெட்டு மாட்டிக்கினு திரும்பறேன், புஸ்ஸுனு சத்தம். தாலில கோத்திருந்த ஊக்க எடுத்து பின் டயரு மூக்க அமுக்கிக்கினு குந்தியிருக்குது. முன் டயரு ஏற்கெனவே முடிஞ்சிபோச்சி.

“ஏய், இன்னாடி பண்றே! இங்க பம்பு கூட இல்லடி!”

“இல்லன்னு தெரிஞ்சித்தான் பண்றேன். போ.”

சாருங்க நாலு பேரும் பார்க்கிறாங்க. டயரு ரெண்டும் நேத்து சுட்ட பூரி மாதிரி தொங்குது. வேற வயி இல்ல. ஒதைச்சேன், ஸ்டார்ட்டாச்சி. ரெண்டாவது கியரு, பல்லக் கடிச்சிக்கினு நேரா கரையப் பார்த்து வுட்டேன்.

அந்த எடம் வந்துச்சி. சொய்ங் வரல. டயரு அப்டியே மண்ணுல பரந்து கடிச்சிக்கினு, ங்ங்ங்னு மொனகிக்கினே போவுது. ஆட்டோ ஷாக்கு என்னைய ரெண்டு தபா மேல தூக்கிப் போட்டுச்சி, கேட்டு பைப்ப நான் வுடல. பாதி தாண்டிச்சி. முக்கால் தாண்டிச்சி. அப்பால முன்னாடி மண்ணு இல்ல, வானம்தான் தெரிஞ்சிச்சி.

மேல நிறுத்திட்டுப் பார்த்தேன். ரெண்டு வருஷமா சத்தத்த மட்டும் கேட்ட எடம். அந்தாண்ட பெருசா ஒண்ணுமில்ல. முள்ளுச்செடி, செம்மண்ணு, நடுவுல பாம்பு மாதிரி ஒரு பாதை, தூரத்துல குட்டை ஓரமா நாலு எருமை. எனக்கு கண்ணு கலங்கிச்சி. தூசுன்னு வெச்சிக்கோங்க.

கீய திரும்பி, “சார்! டெம்போ சாவி அதுலயேதான் கீது! இன்னிக்கிக் காவலு யாரு?”ன்னு கத்தினேன்.

துணிக்கடை சாருதான் மொத வாரம் ஒத்துக்கினாரு. பனைமரத்தடிக்குப் போய் குந்தினாரு. என் சம்சாரம் போண்டா பொட்டலத்தப் பிரிச்சி, “துன்னுங்க சார், சூடா கீது. மத்தியானம் வரிக்கும் வேற வேலை இல்ல”ன்னு சொல்றது மேல வரிக்கும் கேட்டுச்சி.

மத்த மூணு பேரும் கரை ஏறி வந்து, என்னையத் தாண்டி சர்ருனு எறங்குனாங்க. நான் கடைசில போனேன். மூணு வண்டித் தூசும் என் மூஞ்சிலதான். வாய மூடிக்கினு ஓட்டணும்னு எனக்கு யாரும் சொல்லல. சொல்லியிருந்தாலும் முடிஞ்சிருக்காது, சிரிச்சிக்கினே இருந்தேன். அன்னிக்கி போண்டா கெடைக்கல, வாயி நெறய மண்ணுதான் துன்னேன்.